வண்ணத்துப்பூச்சி வர வேண்டுமா? முதலில் புழுவுக்குச் சாப்பாடு

பூச்சாடி நிறைந்த முற்றங்களுக்குத் திருகோணமலையில் குறைவில்லை. ஆனால் பூவை மட்டும் நம்பினால் வண்ணத்துப்பூச்சி தேன் குடித்துவிட்டு அடுத்த வளவுக்குப் போய்விடும். அது முட்டையிட்டுத் தங்குவது தன் புழு தின்னும் இலை உள்ள இடத்தில்தான். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு சில செடிகளே உணவு. வேறு இலையைக் கொடுத்தால் புழு பட்டினி கிடந்து சாகும். ஆகவே இலை முதலில், பூ பிறகு.

1. காலமும் இடமும்

ஒக்டோபரில் மாரிமழை தொடங்கியதும் நடுங்கள். தை வரைக்கும் விழும் மழையில் வேர் இறங்கிவிடும். சித்திரை கழித்து நட்டால் கச்சான் காற்றுக் கன்றைக் கருக்கிவிடும். காலை 8 மணி முதல் நண்பகல் வரை வெயில் விழும் மூலை, 10 அடிக்கு 10 அடி இருந்தால் போதும். தென்மேற்குப் பக்கம் மதில் அல்லது கிளுவை வேலி இருக்கட்டும். காற்றடிக்கும் வெளியில் பூச்சி இறங்காது.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து மணலில் தண்ணீர் நிற்காது. ஒன்றரை அடிக் குழி வெட்டி, எடுத்த மணலில் பாதியோடு மக்கிய மாட்டெருவும் தும்புத்தூளும் சம அளவு கலந்து நிரப்புங்கள். தும்புத்தூளில் உப்பு இருக்கும். இரண்டு தரம் நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே போடவேண்டும்.

2. இலைச்செடிகள்

எருக்கலை, 3 செடி, 4 அடி இடைவெளி. புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட இலகுவான செடி இல்லை. கடற்கரை மணலிலும் வரும், எருவும் கேட்காது. வெந்தய வரியன் என்ற செம்மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சி இதில் முட்டையிடும். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு, முதுகில் மூன்று சோடிக் கறுப்புக் கொம்புகள் தெரிந்தால் அதன் புழு. எருக்கலையின் பால் கண்ணில் பட்டால் கருவிழி பாதிக்கப்படும். வெட்டும்போது கையுறை போடுங்கள், சிறுவரை விலக்கி வையுங்கள்.

கறிவேப்பிலை 2, தேசி 1. எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சிகள் இவற்றுக்கு வரும். இளம்புழு பறவை எச்சம் போலிருக்கும், பலர் தட்டிவிடுவார்கள். வளர்ந்தால் பச்சை, தொட்டால் தலைக்குப் பின்னால் கவை போன்ற உறுப்பை நீட்டி நாற்றம் விடும், கடிக்காது. ஒரு கறிவேப்பிலையைச் சமையலுக்கு ஒதுக்கிவிட்டு, அதில் காணும் புழுவை மற்றதற்கு மாற்றுங்கள். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் குசினியோடு சண்டைதான்.

ஈஸ்வரமூலி, 2 கொடி, கம்பி வலையில் ஏற்றி. சிவப்புடல் அழகிக்கு இந்தக் கொடி வேண்டும். கறிவேப்பிலை அழகியின் பெண்களில் ஒரு வகை இதைப்போலவே வேடம் போடும். உடலைப் பாருங்கள், சிவப்பென்றால் அசல், கறுப்பென்றால் வேடம். வைத்தியத்துக்கென்று இந்தக் கொடியை வாயில் வைக்காதீர்கள், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வேலியில் குறிஞ்சாக் கொடி ஏற்றினால் நீல வரியன் வரும், சுண்டலுக்கு இலையும் கிடைக்கும். ஆவரசு 2 செடி, வெள்ளையன் என்ற வண்ணத்துப்பூச்சிகளுக்கு. அதன் விதைத்தோல் கடினமானது. கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு ஓர் இரவு ஊறவிட்டு விதையுங்கள்.

நகரத்துக்குள் புள்ளிமான் திரிவது தெரிந்ததே. முதல் 6 மாதம் ஒவ்வொரு கன்றையும் சுற்றிக் கம்பி வலை அடியுங்கள்.

3. பூவும் ஈரமும்

வெட்சி 4, இடையிடையே தும்பை, போதும். உண்ணிச்செடிக்குப் பூச்சி வரும் என்பது உண்மைதான். ஆனால் அது பற்றைக்காடுகளை மூடும் அந்நியச் செடி, நடவேண்டாம். தேள்கொடுக்குச் செடி வளவில் தானாக முளைத்தால் பிடுங்கி, காய்ந்த தண்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஆண் வரியன்கள் அதில் மொய்த்து உறிஞ்சும்.

ஒரு மண்தட்டில் மணல் பரப்பி, சிறிது மண்ணும் மக்கிய எருவும் சேர்த்து நனையுங்கள். தண்ணீர் மேலே தெரியக் கூடாது. தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் விடமாட்டார்.

4. பிழை வருவது எங்கே

புதுக்கன்றில் புழு கறுத்துச் சுருண்டு சாகிறதா? வாங்கிய இடத்தில் மருந்தடித்திருப்பார்கள். இலையைக் கழுவி, 4 கிழமை தனியே வைத்துப் புது இலை வந்தபின் நடுங்கள். வேப்பெண்ணெய்க் கரைசலும் புழுவைக் கொல்லும். எருக்கலையில் அசுவினி என்ற சாறுறிஞ்சும் சிறுபூச்சியைக் கண்டால், முட்டை இல்லாத இலையில் மட்டும் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினால் போதும்.

தேசியில் முசுறு எறும்பு கூடு கட்டினால் புழு மிஞ்சாது. கூட்டை அகற்ற முடியாவிட்டால், புழு உள்ள கிளையை நுளம்பு வலைத்துணியால் உறைபோல மூடிக் கட்டுங்கள். அதற்குப் பிறகும் பாதிக்கு மேல் பறவைக்கும் குளவிக்கும் போகலாம். அது வழமைதான்.

முட்டை பொரிய 3 முதல் 5 நாள், புழுப் பருவம் 2 முதல் 3 கிழமை, கூட்டுக்குள் 8 முதல் 14 நாள். கூடு கட்ட முன்னர் புழு செடியை விட்டு இறங்கி, மதிலுக்கோ சாடி விளிம்புக்கோ போகும். புழுவைச் செடியில் காணாவிட்டால், அந்த இடங்களில் தேடிப் பார்க்காமல் விளக்குமாற்றைக் கொண்டு போகாதீர்கள். கூடு வெறுமையாகி, வெங்காயத் தோல்போல் மெல்லிசாகத் தெரிந்தால் பூச்சி வெளியேறிவிட்டது, பிறகு கூட்டலாம்.