பழைய ஆங்கில உறுதி: ‘ஹோல்ட்’ வரும் இடங்களை எப்படி வாசிப்பது?

கொழும்பில், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வீடு பார்த்தால் கடைசியில் கையில் வருவது பெரும்பாலும் ஆங்கில உறுதிதான், அதாவது ஆங்கிலத்தில் எழுதிய காணிப் பத்திரம். போன மாதம் முடித்த உறுதியாக இருந்தாலும் வாசகம் பிரித்தானியர் காலத்து நொத்தாரிசுமாரின், அதாவது உறுதி எழுதிச் சான்றளிப்பவர்களின், வாசகம். காணியை ஆளும் பொதுச் சட்டமோ உரோம-டச்சுச் சட்டம். அதனால் பாதி வரிகள் அலங்காரம், மீதியில்தான் உயிர் இருக்கிறது. ‘ஹோல்ட்’ போல ‘வைத்திருத்தல்’ என்பதைச் சொல்லும் பழைய சொற்கள் எங்கெங்கே வருகின்றன என்று தெரிந்தால் அந்த உயிர்வரிகள் தாமாகவே அகப்படும்.

முதற் பக்கத்தில் தொடங்க வேண்டாம். கடைசியிலுள்ள அட்டவணையை, அதாவது ‘ஷெட்யூல்’ பகுதியை, முதலில் எடுங்கள். எது விற்கப்படுகிறது என்பது அங்கேதான் இருக்கிறது: வரைபட இலக்கம், தேதி, நில அளவையாளர் பெயர், துண்டு இலக்கம், நான்கு எல்லைகள், பரப்பளவு. அளவு ஏக்கர், ரூட், பேர்ச் என்று ஏ, ஆர், பி எழுத்துகளோடு வரும். 1 ஏக்கர் 4 ரூட், 1 ரூட் 40 பேர்ச், 1 பேர்ச் 272.25 சதுர அடி. ‘ஆர் 1, பி 5.25’ என்றிருந்தால் 45.25 பேர்ச், ரூட்டைக் கவனிக்காமல் ஐந்தேகால் என்று வாசிப்பவர்கள் உண்டு. 12.5 பேர்ச் என்றால் ஏறக்குறைய 3,403 சதுர அடி, ஹெக்டேரில் 0.0316. புதிய வரைபடம் ஹெக்டேரில் இருந்தால் இரண்டையும் ஒரே அளவுக்கு மாற்றிப் பொருத்திப் பாருங்கள். யாழ்ப்பாணத்துப் பரப்புக் கணக்கில் பழகியவர்களுக்கு: 1 பரப்பு 10 பேர்ச்.

அட்டவணையில் ‘டெனமென்ட்’ வந்தால் நிதானியுங்கள். பழைய கொழும்பு உறுதிகளில் அது, நகரத்தில் ‘தோட்டம்’ எனப்படும் நெருக்கமான குடியிருப்பின் வரிசை வீடுகளில் ஒன்றைக் குறிக்கும். வழியுரிமை பேசும் இடத்தில் அதே சொல் காணியையே குறிக்கும்: ‘டொமினன்ட் டெனமென்ட்’ என்பது வழியை அனுபவிக்கும் காணி, ‘சேர்வியன்ட் டெனமென்ட்’ வழியைக் கொடுக்கும் காணி. உங்களுடையது எந்தப் பக்கம் என்பதில் விலையே மாறும்.

இனி நடுப்பகுதி. ‘வெயர்ஆஸ்’ என்று தொடங்கும் பந்தியில் விற்பவர் ‘சீஸ்ட் அண்ட் பொசெஸ்ட்’ என்றிருக்கும். தனக்கு உரிமையும் ஆட்சியும் உண்டு என்று அவர் சொல்லிக்கொள்வது அது. சொல்வது மட்டுமே, அத்தாட்சி அல்ல. அத்தாட்சிக்கு ‘ஹெல்ட் அண்ட் பொசெஸ்ட் அண்டர் அண்ட் பை வெர்ச்சு ஒஃப் டீட் நம்பர்’ என்ற வரியைத் தேடுங்கள். அங்கே வரும் இலக்கமும் தேதியும்தான் முந்திய உறுதி. அதை எடுத்து, அதற்கு முந்தியதை எடுத்து, இப்படியே பின்னோக்கிப் போக வேண்டும். வங்கிக் கடன் என்றால் வழமையாக 30 வருடத்துச் சங்கிலி கேட்பார்கள்.

உறுதி இலக்கத்துக்குப் பதிலாக ‘பிரிஸ்கிரிப்டிவ் பொசெஷன்’ என்றிருந்தால் அது கடதாசி இல்லாத ஆட்சி. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, உரியவருக்கு எதிராக, இடையறாமல் 10 வருடம் ஆண்டிருக்க வேண்டும். அரச காணியில் இது செல்லாது. கூட்டுச் சொந்தக்காரருக்கு இன்னும் கடினம்: ஒருவர் ஆள்வது எல்லாருக்காகவும் ஆள்வதாகவே கருதப்படும், மற்றவர்களை வெளிப்படையாக விலக்கியதைக் காட்டினால்தான் கணக்குத் தொடங்கும். ஆகவே ‘அன்டிவைடட்’ என்ற ஒரு சொல் இருந்தால் பிரிபடாத பங்குதான் வாங்குகிறீர்கள். வேலி போட்டிருந்தாலும் அப்படித்தான்.

‘ஹெல்ட், ஒக்கியுபைட், யூஸ்ட் ஓர் எஞ்ஜோய்ட் தெயர்வித்’ என்ற நீண்ட வரி காணியோடு ஒட்டிய உரிமைகளைச் சேர்க்கிறது. இதை நம்பி வழிப்பாதை கிடைத்துவிட்டதாக நினைப்பதுதான் கொழும்பில் அடிக்கடி நடக்கும் பிழை. ஒழுங்கையின் துண்டு இலக்கமும் அகலமும் அட்டவணையில் தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விற்பவருக்கே இல்லாத வழியை எந்த வரியும் கொடுக்காது.

அடுத்தது ‘டு ஹாவ் அண்ட் டு ஹோல்ட்’. எந்த மாதிரியாக வைத்திருக்கப் போகிறீர்கள் என்பது அதற்குப் பிறகு வரும் சொற்களில்தான் இருக்கிறது. ‘அப்சொலூட்லி ஃபோர்எவர்’ என்றால் அறுதி, அதாவது என்றென்றைக்குமான முழு உரிமை. வருடக் கணக்கு வந்தால் குத்தகை, மேலே என்ன தலைப்புப் போட்டிருந்தாலும். ‘சப்ஜெக்ட் டு தி லைஃப் இன்ட்ரெஸ்ட்’ என்றால் யாரோ ஒருவரின் சீவிய உரித்து பாக்கி. அவர் உயிரோடிருக்கும்வரை வீட்டில் இருக்கவும் வாடகை எடுக்கவும் அவருக்கே உரிமை. பெற்றோர் பிள்ளைகளுக்கு எழுதும் நன்கொடை உறுதிகளில் இது மிகச் சாதாரணம். ஆகவே சீவிய உரித்தை விட்டுக்கொடுத்த உறுதி இருக்கிறதா, உரியவரின் இறப்புச் சான்றிதழாவது இருக்கிறதா என்று கேளுங்கள்.

‘விற்கவோ ஈடு வைக்கவோ கூடாது, பிள்ளைகளுக்கே போக வேண்டும்’ என்ற பொருளில் நிபந்தனை வந்தால் அது ‘ஃபிடெய் கொமிசம்’. 1972 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் அந்த முறையை ஒழித்துவிட்டது. ஆனாலும் அந்த நேரம் காணி யார் கையில் இருந்தது என்பதைப் பொறுத்தே இன்றைய உரிமை அமையும். இதைக் கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையின் சட்டத்தரணி ஒருவரிடம் விட்டுவிடுவது நல்லது.

கடைசியாக நொத்தாரிசின் அத்தாட்சி, அதாவது அவர் சான்றளித்துக் கையெழுத்திடும் பகுதி. எல்லாரும் தாண்டிப் போகும் பந்தி இது. எந்தப் பக்கத்தில், எந்த வரியில், எந்தச் சொல் வெட்டப்பட்டது, எது இடையில் சேர்க்கப்பட்டது என்று அங்கே எழுதியிருக்கும். உறுதியில் உள்ள ஒவ்வொரு வெட்டையும் அதோடு ஒப்பிடுங்கள். பேர்ச் எண்ணில் ஒரு திருத்தம் தெரிந்து அத்தாட்சியில் அது இல்லையென்றால், காணிப் பதிவகத்திலுள்ள இரண்டாம் பிரதியின் உறுதிப்படுத்திய நகலை எடுத்துப் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.