கடற்கரை சென்ட் வாங்கப் போகிறீர்களா? கடையை விட்டு வெயிலுக்கு வாருங்கள்

தேங்காய் வாசனை சென்ட் ஒன்றை முதல் தடவை போட்டுக்கொண்டு வேலைக்குப் போன அன்று பக்கத்து மேசைக்காரி கேட்டாள்: "என்னடி, இன்றைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தாயா?" டப்பாவில் நீலக் கடலும் வெள்ளை மணலும் போட்டிருந்தது, கடையில் ஏசி குளுகுளுவென்று இருந்தது, காகிதத் துண்டில் அடித்துக் காட்டினார்கள், நன்றாகத்தான் இருந்தது, வாங்கிவிட்டேன். இங்கே மொரீஷியஸில், போர்ட் லூயிஸ் வெயிலில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்ததும் நான் ஒரு நடமாடும் எண்ணெய்ப் புட்டி ஆகிவிட்டேன்.

தப்பு சென்ட்டின் மேல் இல்லை. 'கடற்கரை வாசனை' என்று விற்கப்படுவதில் பாதி, கடற்கரைக்கு வருடம் ஒரு தடவை போகிறவர்களின் நினைவு. பிரான்சில் 1930களில் லோரியால் நிறுவனம் ஆம்ப்ர் சோலேர் என்ற வெயில் எண்ணெயைக் கொண்டுவந்தது. அதன் பிறகு அங்கே பல பேருக்கு விடுமுறை என்றாலே சன்கிரீம் வாசனைதான்: தேங்காய், வனிலா, இலாங் இலாங் பூ, கொஞ்சம் உப்புக் காற்று. நமக்கோ தேங்காய் என்றால் தலைக்கு வைக்கும் எண்ணெய், சமையலறை, சாமிக்கு உடைக்கும் காய். சென்ட்டில் வரும் தேங்காய் பெரும்பாலும் காயிலிருந்து எடுத்ததும் இல்லை, காமா நோனலாக்டோன் என்ற ஆய்வுக்கூடச் சரக்கு. பாலும் சர்க்கரையும் சேர்ந்தது போல இனிக்கும், ஈர வெக்கையில் கனத்துப்போகும். அதனால் முதல் முடிவு இதுதான்: உங்களுக்கு வேண்டியது கடற்கரையின் நினைவா, கடற்கரையில் கிடைக்கும் குளிர்ச்சியா? நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை இந்தத் தீவில் வியர்த்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

குளிர்ச்சி வேண்டும் என்றால் கடைக்காரர் முதலில் நீட்டுவது 'மரீன்' என்ற கடல் வாசனை வகை. அதன் உயிர் கலோன் என்ற வேதிப்பொருள். 1966இல் ஃபைசர் மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது, சென்ட் உலகம் அதை ஆசையாகப் பிடித்துக்கொண்டது இருபது வருடத்துக்கு மேல் கழித்து. 1992இல் வந்த லோ திஸ்ஸே, 1996இல் வந்த அக்வா டி ஜியோ என்ற இரண்டு சென்ட்டிலும் அதுதான் தண்ணீர் வேலை பார்க்கிறது. முகர்ந்தால் வெட்டின தர்பூசணியின் வெள்ளைப் பக்கம் ஞாபகத்துக்கு வரும். அளவோடு இருந்தால் அருமை, கொஞ்சம் கூடிப்போனால் வெயிலில் சிப்பி வாடை அடிக்கும், தலையும் வலிக்கும். 'உப்பு வாசனை' என்று டப்பாவில் எழுதியிருந்தால் மயங்காதீர்கள், உப்புக்கு வாசனை கிடையாது. கடலின் நிஜ வாசனையில் பெரும்பங்கு கடல்பாசியும் நுண்ணுயிர்களும் விடும் கந்தகச் சேர்மத்திலிருந்து வருவது. நீர் வற்றிய நேரத்தில் பாசி ஒதுங்கிய கரையில் நின்று பாருங்கள், அந்த வாசனையைக் காசு கொடுத்து யாரும் வாங்க மாட்டோம்.

நான் இப்போது தேடுவது எலுமிச்சைக் குடும்பத்து மேல்வாசனையும் அடியில் வெட்டிவேரும் உள்ளதை. எலுமிச்சை, அதன் இனத்தைச் சேர்ந்த பெர்கமோட் பழம், மாண்டரின் ஆரஞ்சு எல்லாம் அடித்த உடனே சில்லென்று இருக்கும், ஆனால் அரை மணி நேரத்தில் பறந்துவிடும், வெக்கையில் இன்னும் சீக்கிரம். அது போன பிறகு தோலில் என்ன மிச்சம் என்பதுதான் கேள்வி. அங்கே வெட்டிவேர் இருந்தால் ஈர மண்ணும் புல்லும் கலந்த குளிர்ச்சி மாலை வரை நிற்கும். பிரெஞ்சுக்காரர்கள் 'வெத்திவேர்' என்று சொல்வது நம்முடைய வார்த்தைதான், பாட்டி பானைத் தண்ணீரில் போட்ட அதே வேர். பக்கத்துத் தீவு ரீயூனியனின் பூர்போன் வெட்டிவேருக்குச் சென்ட் செய்கிறவர்களிடம் தனி மரியாதை உண்டு. பூ வேண்டும் என்கிறவர்கள் இலாங் இலாங் அல்லது கோயில் வாசலில் உதிர்ந்து கிடக்குமே அந்த ஃபிரஞ்சிப்பானி வாசனை உள்ளதைப் பார்க்கலாம், ஆனால் எலுமிச்சையோ பச்சை இலை வாசனையோ கூடவே இருக்கட்டும், தனிப் பூ என்றால் திகட்டும்.

அப்புறம் டப்பாவில் உள்ள எழுத்து. கொலோன் (மேலே சொன்ன கலோன் வேறு) என்றால் வாசனைப் பொருள் சுமார் 2 முதல் 5 சதவீதம், ஓ த துவாலெத் 5 முதல் 15, ஓ த பார்ஃபம் 15 முதல் 20. இது சட்டம் இல்லை, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கீழே கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் துவாலெத் போதும். மேலே, மேட்டு ஊரான கியூர்பீப் மழையிலும் குளிரிலும் அது எங்கே போனது என்றே தெரியாது, அங்கே பார்ஃபம் வாங்கலாம்.

சோதிக்கும் விதம்தான் முக்கியம். காகிதத்தில் அடித்துப் பார்த்து வேண்டாததைக் கழியுங்கள், மிஞ்சுவதில் இரண்டை மட்டும், ஒரு கைக்கு ஒன்றாக, அடித்துக்கொண்டு ஒன்றும் வாங்காமல் வெளியே வந்துவிடுங்கள். கடைப் பெண் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வெயிலில் நடங்கள், மெட்ரோவில் ஏறுங்கள், வியர்க்கட்டும், மூன்று நான்கு மணி நேரம் கழித்து முகருங்கள். உங்கள் மூக்கு அதற்குள் பழகிப்போயிருக்கும், அதனால் வீட்டில் அக்காவையோ அத்தையையோ கேளுங்கள், அவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள். பிடித்திருந்தால் 30 மில்லி புட்டி போதும்.

ஒரு எச்சரிக்கை, இதை யாரும் கடையில் சொல்வதில்லை. பெர்கமோட், எலுமிச்சைத் தோலைப் பிழிந்து எடுத்த எண்ணெயில் பெர்காப்டென் போன்ற பொருட்கள் இருக்கும், அவை தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் எரிச்சலும், மாதக்கணக்கில் போகாத கறுப்புத் தழும்பும் வரலாம். இப்போது பெரிய கம்பெனிகள் அதை நீக்கிய எண்ணெயைத்தான் பயன்படுத்துகின்றன, ஆனாலும் ஃபிளிக் ஆன் ஃபிளாக் கடற்கரையில் நாள் முழுக்கச் சவுக்கு நிழலை விட்டு வெளியே இருக்கப் போகிறீர்கள் என்றால் கழுத்திலும் கையிலும் வேண்டாம், சட்டையின் உள்பக்கம் அடியுங்கள். வெள்ளைத் துணியில் கறை படிகிறதா என்று ஒரு மூலையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற நாளில் குளித்து ஈரம் துடைத்த உடனே, வாசனை இல்லாத லோஷன் தடவி, அதன் மேல் இரண்டு தடவை அடித்தால் போதும். காலை மெட்ரோவில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போகிறவர்கள் ஒன்றோடு நிறுத்துங்கள், தயவுசெய்து. புட்டியைக் காரில் விடாதீர்கள், சூடும் வெளிச்சமும் அதைக் கெடுத்துவிடும், துணி அலமாரிதான் சரியான இடம்.

என் தேங்காய்ப் புட்டி? தூக்கிப் போடவில்லை. ஜூலையில் கியூர்பீப் அத்தை வீட்டுக்கு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு போகும்போது ஒரு தடவை அடித்துக்கொள்வேன். அந்தக் குளிரில் அது நன்றாகத்தான் இருக்கிறது, அத்தைகூட எங்கே வாங்கினாய் என்று கேட்டார்கள்.