ஒன்ராறியோ உயர்நிலைப் பாடசாலையில் வேலையிடக் கல்வியும் முறையீட்டு வழிகளும்: புதிதாக வந்த பெற்றோருக்கு

தை, மாசி மாதங்களில் ஒன்ராறியோவின் உயர்நிலைப் பாடசாலைகளில் அடுத்த ஆண்டுக்கான பாடத் தெரிவு நடைபெறும். தரம் 10 இல் படிக்கும் பிள்ளை அந்த நாட்களில் வந்து "கோ-ஒப் எடுக்கட்டா?" என்று, அதாவது வேலையிடக் கல்வியை ஒரு பாடமாக எடுக்கலாமா என்று கேட்கும்போது, இலங்கையிலிருந்து அண்மையில் வந்த பெற்றோர் பலர் தயங்குகிறார்கள். சம்பளமில்லாமல் பிள்ளையை வேலைக்கு அனுப்புவதா என்பது ஒரு தயக்கம். படிப்பில் பின்தங்கியவர்களை ஒதுக்கிவிடும் வழியோ என்பது அதைவிடப் பெரிய தயக்கம். சாதாரண தரம், உயர் தரம் என்ற இரண்டு பரீட்சைகளே பிள்ளையின் பாதையைத் தீர்மானிக்கும் முறையில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஐயம் எழுவதில் வியப்பில்லை. ஆனால் கோ-ஒப் என்பது பாடசாலையின் ஒரு பாடம். வேலையிடம் அதன் வகுப்பறை. இந்த ஒன்றை மனதில் இருத்திக்கொண்டால், எதில் சேர்ப்பது என்பதும், ஏதேனும் பிழைத்தால் யாரிடம் கேட்பது என்பதும் தானாகத் தெளிவாகும்.

ஒன்ராறியோவின் உயர்நிலைப் பாடசாலைச் சான்றிதழைப் பெற ஒரு மாணவர் 30 கிரெடிட்டுகளை முடிக்க வேண்டும். அத்துடன் எழுத்தறிவுத் தேவையையும் 40 மணி நேரச் சமூக சேவையையும் நிறைவுசெய்ய வேண்டும். ஒரு கிரெடிட் என்பது 110 மணி நேரப் படிப்பு. எனவே தரம் 11 அல்லது 12 இல் அரை நாளைக் கோ-ஒப்புக்கு ஒதுக்கி ஒரு பருவத்தில் இரண்டு கிரெடிட்டுகள் எடுக்கும் பிள்ளை ஏறத்தாழ 220 மணி நேரத்தை அதற்குச் செலவிடுகிறது. இதில் வேலையிடத்துக்குப் போகும் முன் பாதுகாப்பு, நடத்தை, உரிமைகள் பற்றி வகுப்பில் கற்கும் நேரமும் அடங்கும். கோ-ஒப் கிரெடிட்டுகளில் இரண்டு வரை கட்டாயப் பாடங்களின் கணக்கில் சேர்க்கப்படலாம்; விருப்பப் பாடங்களின் கணக்கில் சேர்ப்பதற்கு உச்ச வரம்பு இல்லை. கோ-ஒப் மணி நேரத்தை அந்த 40 மணி நேரச் சமூக சேவையாகக் காட்ட முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் தரம் 12 இன் கடைசி மாதங்களில் இதை அறிந்து ஓடித்திரியும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

பல்கலைக்கழகக் கனவுள்ள குடும்பங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒன்ராறியோப் பல்கலைக்கழகங்கள் அனுமதிக்காகப் பார்ப்பது தரம் 12 இன் ‘யூ’ (பல்கலைக்கழகத்துக்குரியவை) அல்லது ‘எம்’ (பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரிக்கும் உரியவை) வகைப் பாடங்களில் ஆறின் புள்ளிகளை. கோ-ஒப் கிரெடிட் அந்த ஆறில் சேராது. ஆகவே பொறியியலுக்குப் போக விரும்பும் பிள்ளைக்கு இரண்டு கணிதப் பாடங்கள், பௌதிகவியல், இரசாயனவியல், ஆங்கிலம் ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்கிய பிறகே கோ-ஒப்புக்கு எந்தப் பருவத்தில் இடமிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தரம் 11 இல் அதை முடித்துவிடுவது பெரும்பாலும் வசதியானது. வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957 இலிருந்து நடத்திவரும் சம்பளத்துடனான கோ-ஒப் வேறு, உயர்நிலைப் பாடசாலையின் கோ-ஒப் வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொண்டு, சம்பளம் எவ்வளவு என்று முதற்கூட்டத்திலேயே கேட்கும் பெற்றோரை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கோ-ஒப்பைச் சுற்றி வேறு சில திட்டங்களும் உள்ளன. எஸ்.எச்.எஸ்.எம். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சிறப்புத் திறன் திட்டத்தில், சுகாதாரம், வணிகம், கட்டுமானம், தகவல் தொழில்நுட்பம் போன்ற ஒரு துறையைச் சார்ந்த பாடங்களைத் தொகுப்பாக எடுத்து, அத்துறையின் பாதுகாப்புச் சான்றுகளையும் பெற்று, சான்றிதழில் சிவப்பு முத்திரையுடன் வெளியேறலாம். பல்கலைக்கழகம் செல்பவர்களும் இதை எடுக்கலாம். இரட்டைக் கிரெடிட் திட்டத்தில் கல்லூரிப் பாடம் ஒன்றைக் கட்டணமின்றிப் படித்து, பாடசாலையிலும் கல்லூரியிலும் அதற்குக் கணக்குப் பெறலாம். ‘ஓயாப்’ என்று அழைக்கப்படும் இளையோர் தொழிற்பயிற்சித் திட்டம், மின்னியல், குழாய்ப்பணி, வாகனத் திருத்தம், சமையற்கலை போன்ற தொழில்களில் பாடசாலைக் காலத்திலேயே காலடி வைக்க உதவுகிறது. பிள்ளை பயிலுநராகப் பதிவுசெய்யப்பட்டால் அந்த மணி நேரங்கள் பிற்காலத் தொழில் அனுமதிப் பத்திரத்துக்கான கணக்கிலும் வரும். 2025 செப்டம்பரில் இதன் விரிவாக்கமாக ‘ஃபாஸ்ட்’ என்ற வழி தொடங்கியது; அதில் தரம் 11, 12 இன் பாடங்களில் 80 விழுக்காடு வரை கோ-ஒப்பாகவே எடுக்க முடியும். கைத்தொழில் என்றால் முகம் சுளிக்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. தன் வீட்டுக் குழாய் உடைந்தபோது வந்தவருக்குக் கொடுத்த தொகையை நினைத்துப் பார்த்தாவது அந்தச் சுளிப்பைச் சற்றுத் தளர்த்தலாம். எனினும் ஃபாஸ்ட் வழியில் போகும் பிள்ளை பல்கலைக்கழகத்துக்கான ஆறு பாடங்களுக்கு இடமில்லாமல் போகக்கூடும் என்பதால், தரம் 10 முடிவதற்குள் வழிகாட்டல் ஆலோசகருடன் அமர்ந்து பேசிய பிறகே முடிவெடுக்க வேண்டும்.

ஆங்கில மொழி கற்கும் வகுப்பில் இருக்கும் பிள்ளையும் கோ-ஒப் எடுக்கலாம். நம்மவர்களின் கடைகள் நிறைந்த ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் தமிழ் பேசும் இடமொன்றையே தேடிக்கொள்ளத் தோன்றும். அது பிள்ளைக்கு இலகு, ஆங்கிலத்துக்கு நட்டம் என்பது என் அபிப்பிராயம். சொந்தக்காரரின் கடையில் அவர்களின் மேற்பார்வையிலேயே கோ-ஒப் செய்வதை, பாடசாலைகளை நிர்வகிக்கும் பாடசாலைச் சபைகள் பொதுவாக ஏற்பதில்லை. படிப்பு அனுமதியில் வந்துள்ள பிள்ளையானால், வேலையிடத்துக்குப் போகும் முன் தனியான பணி அனுமதி தேவையா என்பதைப் பாடசாலையிடமும் குடிவரவு ஆலோசகரிடமும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இனி, கையெழுத்துக்கு வருவோம். வேலையிடத்துக்குப் போகும் முதல் நாளுக்கு முன்பே ‘வேலைக் கல்வி உடன்படிக்கை’ என்ற படிவம் நிரப்பப்பட்டுக் கையொப்பமிடப்பட வேண்டும். பலர் இதைச் சுற்றுலாவுக்கான அனுமதித் தாள் போல நினைத்து வாசிக்காமலே ஒப்பமிடுகிறார்கள். சம்பளமில்லாத கோ-ஒப் மாணவர் வேலையிடத்தில் காயமடைந்தால், கல்வி அமைச்சின் ஊடாக வேலையிடப் பாதுகாப்பு மற்றும் காப்புறுதிச் சபையின் காப்புறுதி அவருக்குக் கிடைப்பது இந்தப் படிவத்தின் பலத்தால்தான். படிவத்தில் குறித்த நாட்களுக்கும் நேரத்துக்கும் மட்டுமே அந்தக் காப்பு உண்டு. வேலையிடத்துக்குப் போய்வரும் பயணத்துக்கு இல்லை. "சனிக்கிழமையும் வா, ஆள் குறைவு" என்று மேற்பார்வையாளர் கேட்டால், பிள்ளை உடனே ஒப்புக்கொள்ளாமல் முதலில் கோ-ஒப் ஆசிரியரிடம் சொல்ல வேண்டும்.

வேலைத் தரங்கள் சட்டம் இந்த மாணவர்களுக்குப் பொருந்தாது. ஆகவே குறைந்தபட்சச் சம்பளம் கேட்க முடியாது. ஆனால் தொழிற்பாதுகாப்பு மற்றும் சுகாதாரச் சட்டம் பொருந்தும். 2014 இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பாடசாலைச் சபை அங்கீகரித்த வேலை அனுபவத் திட்டத்தில் சம்பளமின்றி வேலை செய்யும் உயர்நிலை மாணவரும் ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் வருகிறார். இதன் பொருள், வேலையிடத்தின் ஆபத்துகளை அறியும் உரிமையும், பாதுகாப்பு விடயங்களில் பங்குகொள்ளும் உரிமையும், ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையும் உங்கள் பிள்ளைக்கு உண்டு என்பதாகும். மறுத்ததற்காகப் பழிவாங்குவது சட்டத்துக்கு முரணானது. வயது வரம்பும் உண்டு: கடை, அலுவலகம் போன்ற இடங்களுக்கு 14, தொழிற்சாலைக்கு 15, கட்டுமானத் தளத்துக்கு 16. காயம் சிறியதாயினும், "வெட்கம், சொன்னால் இடம் போய்விடும்" என்று மறைக்காமல் அன்றே ஆசிரியருக்குத் தெரிவிக்கவும், மருத்துவரிடம் வேலையிடத்தில் நடந்தது என்று சொல்லவும் பிள்ளைக்கு முன்கூட்டியே கற்பியுங்கள். காப்புறுதிக் கோரிக்கைக்கு ஆறு மாதக் கால வரம்பு இருக்கிறது.

காயமோ ஆபத்தோ இல்லாமலும் குறைகள் வரும். ஒருமுறை மொழிபெயர்ப்புக்காக ஒரு தாயுடன் பாடசாலைக்குச் சென்றிருந்தேன். அவரது மகன் வாகனத் திருத்தகம் ஒன்றில் ஐந்து வாரமாகத் தரை கூட்டுவதையும் தேநீர் வாங்கி வருவதையும் தவிர வேறெதுவும் செய்யவில்லை. "அதிபரிடம் போய் முறையிட்டால் மகனின் புள்ளியைக் குறைத்துவிடுவார்களோ" என்பதே அந்தத் தாயின் கவலை. அதிபரிடம் கேள்வி கேட்பதை மரியாதைக் குறைவாகக் கருதும் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இந்த அச்சம் எளிதில் நீங்காது. அன்று கூட்டத்தைத் திருப்பியது பிள்ளையின் கோ-ஒப் கற்றல் திட்டம். ஒவ்வொரு மாணவருக்கும் இப்படியொரு திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும். எந்தத் திறன்களைக் கற்கப் போகிறார் என்பது அதில் இருக்கும். அதைத் தாய் மேசையில் வைத்து, இதில் உள்ள எது நடந்தது என்று அமைதியாகக் கேட்டதும் பேச்சு மாறிவிட்டது. இரண்டு வாரத்தில் பையன் வேறு திருத்தகத்துக்கு மாற்றப்பட்டான்.

முறையீட்டுக்கு ஒரு வரிசை உண்டு. வேலையிடத்துக் குறையை முதலில் கேட்க வேண்டியவர் கோ-ஒப் ஆசிரியர். அவரே இடத்தைக் கண்காணிக்கும் பொறுப்புள்ளவர். புள்ளி பற்றிய குறையும் பாட ஆசிரியரிடமே தொடங்கும்: பாடநெறியின் 70 விழுக்காடு ஆண்டோட்டத்தில் செய்தவற்றுக்கும் 30 விழுக்காடு இறுதி மதிப்பீட்டுக்கும் உரியது என்பது மாகாண விதி என்பதால், எந்தப் பகுதியில் எப்படிக் குறைந்தது என்று குறிப்பாகக் கேட்கலாம். அங்கே தீராவிட்டால் துணை அதிபர் அல்லது அதிபர்; அதன் பிறகு சபையின் கண்காணிப்பாளர், அதாவது சூப்பரின்டென்டன்ட்; அதன் பிறகு சபையின் இயக்குநர். ட்ரஸ்டி எனப்படும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரையும் மக்கள் நாடுவது வழக்கம். ஆயினும் 2025 ஜூனில் மாகாண அரசு ரொறன்ரோ மாவட்டப் பாடசாலைச் சபை உட்படச் சில சபைகளைத் தான் நியமித்த மேற்பார்வையாளர்களின் கீழ் கொண்டுவந்தது. அத்தகைய சபையில் முடிவெடுக்கும் அதிகாரம் ட்ரஸ்டியிடம் இல்லை. இந்த வரிசையில் ஒரு படியைத் தாண்டி நேரே மேலே எழுதினால், கடிதம் கீழேயே திருப்பி அனுப்பப்படும்; போவது உங்கள் நாட்கள்தான்.

ஒவ்வொரு படியிலும் பேசியதை அன்றே சுருக்கமாக மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள்: யாருடன் பேசினீர்கள், எந்தத் தேதியில், என்ன சொன்னார்கள், நீங்கள் கேட்கும் தீர்வு என்ன. ஆங்கிலம் பிழையாக இருந்தாலும் பரவாயில்லை, தேதி சரியாக இருக்க வேண்டும். கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனில் முன்கூட்டியே கேளுங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள், பிரச்சினை பிள்ளையைப் பற்றியதாக இருக்கும்போது அது நியாயமும் அல்ல. பல பாடசாலைகளில் ‘ஸ்விஸ்’ எனப்படும் குடியமர்வுப் பணியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களது உதவி இலவசம். பிள்ளையின் மாணவர் பதிவேட்டை அதிபரிடம் கேட்டுப் பார்வையிடும் உரிமை உங்களுக்குச் சட்டப்படி உண்டு. முறையீடு கடுமையானதாயின் முதலில் அதைப் பாருங்கள்.

இடைநிறுத்தத்தில் மட்டும் நாட்கணக்கு இறுக்கமானது. அதிபர் ஒரு மாணவரை அதிகபட்சம் 20 பாடசாலை நாட்கள் இடைநிறுத்தலாம். அதை எதிர்க்க விரும்பும் பெற்றோர், இடைநிறுத்தம் தொடங்கியதிலிருந்து 10 பாடசாலை நாட்களுக்குள் மேன்முறையீட்டு எண்ணத்தைச் சபையின் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். சபை, இரு தரப்பும் வேறு நாளுக்கு இணங்கினாலன்றி, அறிவிப்புக் கிடைத்த 15 பாடசாலை நாட்களுக்குள் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். மேன்முறையீடு செய்ததால் இடைநிறுத்தம் நின்றுவிடாது. கோ-ஒப் பிள்ளையானால் அந்நாட்களில் வேலையிடத்துக்குப் போகலாமா என்பதை ஆசிரியரிடம் கேட்டு எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் குறையும் மணி நேரம் கிரெடிட்டையே பாதிக்கும். வெளியேற்றம் என்றால் அது வேறு பாதை: சபை நடத்தும் விசாரணைக்குப் பிறகு, முடிவு கிடைத்த 30 நாட்களுக்குள் சிறுவர் மற்றும் குடும்ப சேவைகள் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம். அந்தக் கட்டத்தில் ஒரு சட்ட ஆலோசனையைப் பெறாமல் தனியே போகாதீர்கள்.

சபை தன் நடைமுறையையே பின்பற்றவில்லை அல்லது பதிலே தரவில்லை என்றால், பொது அமைப்புகள் பற்றிய முறையீடுகளை ஆராயும் ஒன்ராறியோ ஒம்புட்ஸ்மன் அலுவலகத்தை நாடலாம். 2015 செப்டம்பரிலிருந்து பாடசாலைச் சபைகள் அதன் பார்வைக்குள் வந்துள்ளன, கட்டணம் இல்லை. சபையின் முடிவை மாற்றும் அதிகாரம் அதற்கில்லை, பரிந்துரை மட்டுமே செய்யும். கீழ்ப்படிகளை முடித்துவிட்டு வந்தவர்களையே அது எதிர்பார்க்கிறது. இனம், நிறம், மதம், பால் போன்ற காரணங்களால் வேலையிடத்திலோ வகுப்பிலோ பாகுபாடு அல்லது தொந்தரவு நேர்ந்தால், மனித உரிமைகள் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்க ஓர் ஆண்டுக் கால வரம்பு உண்டு. பாடசாலையின் முறையீட்டு வரிசை நகர்ந்துகொண்டிருக்கிறது என்பதற்காக இந்த ஆண்டு நின்று காத்திருக்காது.

இன்னொரு தேதியையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்: பிள்ளையின் 18 ஆவது பிறந்த நாள். தரம் 12 இல் படிக்கும் பலருக்கு அது ஆண்டின் நடுவில் வருகிறது. அன்றிலிருந்து உடன்படிக்கையில் ஒப்பமிடுபவரும், மேன்முறையீட்டை எழுதுபவரும், மாணவர் பதிவேட்டைப் பார்க்கும் உரிமையுள்ளவரும் பிள்ளையே. பெற்றோருடன் பாடசாலை பேசுவதற்குப் பிள்ளையின் எழுத்து மூலமான சம்மதம் தேவை. பிறந்த நாளுக்கு முந்திய வாரத்தில் அந்தச் சம்மதக் கடிதத்தைப் பிள்ளையிடம் கேட்டு வாங்கி, அலுவலகத்தில் கொடுத்து, ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.