கருத்துக்கணிப்பு போன் வந்தால் முதல் கேள்வியை நீங்கள் கேளுங்கள்

2021 சட்டமன்றத் தேர்தலுக்கு முன்னால் மூன்று மாதம் நான் போனில் கருத்துக்கணிப்பு எடுக்கும் வேலையில் இருந்தேன். காதில் ஹெட்செட், எதிரே திரையில் கேள்விகள். ஒரு அழைப்பு முடிந்ததும் டயலர் தானாகவே அடுத்த எண்ணைப் போட்டுவிடும். கொரோனா காலம் என்பதால் பல நாள் வீட்டிலிருந்தேதான் வேலை. ஒருநாள் சர்வர் படுத்துவிட்டது. சூப்பர்வைசர் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு எக்செல் ஃபைலைப் போட்டு, "சொந்த போன்லயிருந்து கூப்பிடுங்க" என்றார். திறந்து பார்த்தேன். போன் எண், பெயர், ஊர். பக்கத்துக் கட்டத்திலேயே, போன வாரம் அவர்கள் எங்களிடம் சொன்ன கட்சி. நான் அன்றைக்கே அழித்துவிட்டேன். ஆனால் அந்தக் குழுவில் இன்னும் நாற்பது பேர் இருந்தார்கள்.

இதற்காகப் போனையே எடுக்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல கணிப்புக்கு எல்லா வகை மனிதர்களும் பேச வேண்டும். 1936 இல் அமெரிக்காவில் ஒரு பத்திரிகை, தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களைப் பெரிதும் நம்பி அதிபர் தேர்தலுக்காக ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் பதில் வந்தும், அதிபர் ரூஸ்வெல்ட் தோற்பார் என்று கணித்து ஏமாந்தது. ஏழைகள் அந்தப் பட்டியலில் போதுமான அளவு இல்லை, பதில் போட்டவர்களும் ஒரு பக்கம் சாய்ந்தவர்கள். சரியாகத் தேர்ந்தெடுத்த ஆயிரம் பேர் போதும், ஏறக்குறைய 3 சதவீதம் முன்பின்னாக நிலவரம் தெரிந்துவிடும். வயது, படிப்பு, சாதி எல்லாம் கேட்பதும் பெரும்பாலும் இந்த விகிதத்தைச் சரிபார்க்கத்தான்.

சரி, போன் வருகிறது. முதலில் கவனிக்க வேண்டியது, உங்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது. முறையான கணிப்புகள் பலவற்றில் எண்ணைக் கம்ப்யூட்டரே குருட்டாம்போக்கில் உருவாக்குகிறது. முதல் சில இலக்கங்களை வைத்துக்கொண்டு மீதியை அதுவாகவே நிரப்பும். அப்படி வந்த அழைப்பில் உங்கள் பெயர் அவர்களுக்குத் தெரிய வழியில்லை. "வணக்கம் செல்வி அம்மா, உங்க பூத் நம்பர் இதுதானே?" என்று தொடங்கினால், எங்கிருந்தோ ஒரு பட்டியல் அவர்கள் கைக்கு வந்திருக்கிறது. எங்கே கிடைத்தது என்று நேராகக் கேளுங்கள். மழுப்பினால் வைத்துவிடுங்கள்.

அடுத்து நான்கு விஷயம் கேட்க வேண்டும்: எந்த நிறுவனம், யாருக்காக எடுக்கிறீர்கள், எவ்வளவு நேரம் ஆகும், என் எண்ணையும் பதிலையும் சேர்த்து வைப்பீர்களா. உசிலம்பட்டிப் பக்கத்துப் பாட்டி ஒருவர் என்னிடம், "யாருக்காகக் கேக்குற தாயி?" என்றார். நடுநிலையான ஆய்வு என்று திரையில் இருந்ததை வாசித்தேன். "நடுநிலைக்கு யாரு சம்பளம் குடுக்குறா?" என்று திருப்பிக் கேட்டார். அதற்கு என் திரையில் பதில் இல்லை. அவர் கேட்டது சரியான கேள்வி. இன்றைக்கும் அதைத்தான் எல்லோரையும் கேட்கச் சொல்கிறேன்.

கேள்விகளின் போக்கையும் கவனியுங்கள். "இன்ன வேட்பாளர் மீது ஊழல் புகார் இருப்பது தெரிந்தும் அவருக்கு வாக்களிப்பீர்களா?" என்று வந்தால் அது பிரச்சாரம், கணிப்பு வேஷத்தில் வருகிறது. எண்ணை அழுத்தச் சொல்லும் பதிவுக் குரல் அழைப்புகளில், நீங்கள் அழுத்தும் ஒவ்வொன்றும் உங்கள் எண்ணோடு சேர்ந்தே பதிவாக முடியும். யார் எடுக்கிறார்கள் என்று ஆரம்பத்திலேயே சொல்லாத குரலுக்கு எதையும் அழுத்த வேண்டாம்.

வயது, பாலினம், மாவட்டம், தொகுதி வரை சொல்லலாம். கதவு எண், ஆதார், வாக்காளர் அட்டை எண், வங்கி விவரம் எந்தக் கணிப்புக்கும் தேவையில்லை. ஓடிபி கேட்டாலோ, பரிசு என்று லிங்க் அனுப்பினாலோ அது மோசடி. பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930 க்கு அழையுங்கள். சந்தேகமான அழைப்பு மட்டும் என்றால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் உள்ள சக்ஷு என்ற புகார்ப் பகுதியில் புகார் செய்யலாம்.

யாருக்கு வாக்களித்தீர்கள் என்று சொல்ல நீங்கள் கட்டாயப்பட்டவர் இல்லை. 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94 ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. நீதிமன்ற சாட்சியிடமே கேட்டு வற்புறுத்த முடியாத ஒன்றை, ஹெட்செட் மாட்டிய ஒருவர் வற்புறுத்த முடியாது. "சொல்ல விருப்பமில்லை" என்றால் போதும். எங்கள் திரையில் அதற்கு 99 என்று ஒரு குறியீடே இருந்தது. அதை அழுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போவோம்.

2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அமலாக அதிலிருந்து 18 மாத அவகாசம் உண்டு. புள்ளிவிவர ஆய்வுக்கு இதில் விலக்கும் இருக்கிறது. அதனால் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்காதீர்கள். பேசி முடித்ததும், "என் எண்ணைப் பதிலிலிருந்து பிரித்துவிடுங்க, இனிமே கூப்பிட வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அழைப்பு பதிவானால் உங்கள் கோரிக்கையும் அதில் இருக்கும்.

அப்புறம், எங்கே நின்று பேசுகிறீர்கள் என்பதும் முக்கியம். பஸ்ஸில் ஸ்பீக்கரில் போட்டுப் பேசியவர்களை நான் கேட்டிருக்கிறேன், பின்னால் கண்டக்டர் விசில் வரை கேட்கும். பெண்கள் பலர் பக்கத்தில் வீட்டுக்காரர் நின்றால் "அவரையே கேளுங்க" என்று போனைக் கொடுத்துவிடுவார்கள். கொடுக்க வேண்டாம். அப்புறம் கூப்பிடுங்கள் என்று நேரம் சொன்னால் போதும், அதற்கென்று தனிப் பட்டன் இருக்கிறது. ஒரு அம்மா மெல்லிய குரலில், "மத்தியானம் ரெண்டு மணிக்குக் கூப்பிடும்மா" என்றார். இரண்டு மணிக்கு அழைத்தேன். மாடிப்படியில் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லிவிட்டு, பன்னிரண்டு நிமிடம் தண்ணீர், ரேஷன், பெண்ணின் காலேஜ் ஃபீஸ் என்று ஒன்றுவிடாமல் பேசினார். எந்தக் கட்சி என்று கேட்டபோது மட்டும், "அது என்கிட்டயே இருக்கட்டும்" என்றார். நான் 99 ஐ அழுத்தினேன்.