மட்டி வறை: மணல் கடிபடாமல் சமைக்க

திருகோணமலையில் கிண்ணியா, தம்பலகாமப் பக்கங்களில் ஆழமில்லாத நீரில் சேற்றைக் கிளறி எடுக்கும் மட்டி என்கிற சிப்பிக்கு, நண்டுக்கும் இறாலுக்கும் இருக்கிற மதிப்பு இல்லை. ஒருதரம் மணல் கடிபட்டவர்கள் மறுதரம் வாங்குவதில்லை. மணல் போக்கத் தெரிந்தால் இதன் இனிப்புக்கு இறாலே பின்னால்தான் நிற்கும்.

ஓடு போக கால் பங்குகூட மிஞ்சாது. நாலு பேருக்கு 2 கிலோ வாங்குங்கள். வாய் மூடியதாக எடுக்கவேண்டும். திறந்திருப்பதைத் தட்டிப் பாருங்கள். மூடிக்கொண்டால் உயிரோடு இருக்கிறது, மூடாவிட்டால் எறியுங்கள். பிறகு ஒவ்வொன்றாக இரண்டு ஓட்டையும் பக்கவாட்டில் தேய்த்து அழுத்துங்கள். சேறு அடைத்த வெற்று ஓடு வழுகி விலகும். அப்படி ஒன்று தப்பிச் சட்டிக்குள் போனாலே முழுக் கறியும் பழுது.

மணல் கக்க வைப்பதுதான் முக்கியமான வேலை. உப்பில்லாத நல்ல தண்ணீரில் போடவே கூடாது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு மணலோடேயே செத்துவிடும். சுத்தமான கடல்நீர் வேண்டும். இல்லாவிட்டால் லீற்றருக்கு 35 கிராம் கல்லுப்புக் கரையுங்கள். பேசினுக்குள் துளையுள்ள தட்டொன்றைச் சற்று உயர்த்தி வைத்து, அதில் மட்டியை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். கக்கிய மணலைத் திரும்ப இழுக்காது. நீர் மட்டியை மூடினால் போதும். ஆழமாக விட்டால் காற்றில்லாமல் சாகும். ஈரமில்லாத துணியால் மூடி, நிழலில் நாலைந்து மணித்தியாலம் விடுங்கள். இடையில் ஒருதரம் நீரை மாற்றுங்கள். முடிந்ததும் கையால் அள்ளி எடுங்கள். பேசினைச் சரித்து ஊற்றினால் அடியில் கிடந்த மணல் மேலேயே விழும்.

ஓட்டைத் தேய்த்துக் கழுவி, ஒரு கோப்பைத் தண்ணீரோடு மூடி பெருநெருப்பில் அவியுங்கள். வாய் திறந்ததும் இன்னும் மூன்று நிமிடம், அதோடு இறக்குங்கள். அதற்குமேல் அவிந்தால் றப்பராகிவிடும். திறக்காததை எறிந்துவிடுங்கள். மற்றதில் ஓட்டிலிருந்து சதையைக் கழற்றி வையுங்கள். அவித்த நீரைத் துணியில் வடித்து, அடிமண்டியை விட்டு மேல்நீரைச் சொதிக்கோ கூழுக்கோ எடுக்கலாம். அதைக் கொட்டுவது பெரிய நட்டம்.

வறைக்கு 2 மேசைக்கரண்டி எண்ணெயில் அரைத் தேக்கரண்டி பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, பத்துச் சின்ன வெங்காயம், 4 பச்சை மிளகாய், 4 பல் உள்ளி வதக்கி, கொஞ்சம் மஞ்சள், ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள் சேருங்கள். அடுத்து அரைமூடித் தேங்காய்ப்பூ. ஈரம் வற்றி வாசம் வந்தபின்தான் சதையைப் போடவேண்டும். பலர் சதையை முதலில் போட்டுத் தேங்காய் வறளும்வரை கிளறுவார்கள். அதில்தான் சதை இறுகுகிறது. இரண்டு நிமிடம் பிரட்டி, உப்புப் பார்த்து, இறக்கியபின் அரைத் தேசிக்காய் பிழியுங்கள். மட்டியிலேயே உப்பு உண்டு, முன்கூட்டிப் போடாதீர்கள். புட்டோடு அருமையாகச் சேரும்.

மாரியில் மகாவலி வெள்ளம் கொட்டியாரக் குடாவில் கலக்கும் நாட்களிலும், வாய்க்கால் கழிவு விழும் இடங்களிலும் எடுத்த மட்டி வேண்டாம். அது நீரை வடித்து உண்கிற உயிர். நீரில் உள்ள அழுக்கு உடலில் சேரும். நிறம் மாறிய கடலில் எடுத்ததில் நஞ்சிருந்தால் அவித்தாலும் போகாது. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் இதையும் தவிருங்கள்.

வறை மிஞ்சினால் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள் மட்டும் வையுங்கள்.