கலைந்து கிடக்கும் வீட்டை எங்கிருந்து தொடங்குவது?

முதலில் துடைப்பத்தை எடுக்காதீர்கள். ஒரு பெரிய பையோடு அறை அறையாகப் போய், யோசிக்கவே தேவையில்லாத குப்பையை மட்டும் அள்ளுங்கள், அப்புறம் அழுக்குத் துணி, கழுவாத பாத்திரம். சாமான்களைக் குறைப்பதுதான் உண்மையிலேயே கஷ்டம்; எல்லா அலமாரியையும் ஒரே நாளில் கவிழ்க்காமல் ஒரு இழுப்பறையை மட்டும் காலி செய்து, வைத்துக்கொள்வது, கொடுத்துவிடுவது, தூக்கிப்போடுவது என்று பிரியுங்கள், கொடுக்க வேண்டியதை அன்றே வாசல் பக்கம் நகர்த்திவிடுங்கள், இல்லாவிட்டால் அது மறுபடி உள்ளே போய்விடும். டப்பா, கூடை எல்லாம் மிச்சம் எவ்வளவு என்று தெரிந்தபிறகு வாங்கலாம். தூசி மேலிருந்து கீழே, தரை கடைசி. பிளீச்சிங் திரவத்தோடு வினிகரையோ அமோனியா உள்ள கிளீனரையோ சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். தினமும் எடுப்பது கைக்கெட்டும் உயரத்தில் இருக்கட்டும், எப்போதாவது தேவைப்படுவது மேல்தட்டுக்குப் போகட்டும்.