எஸ்டிடி கோடு தொலைந்த பாயிண்டர்: 64 பிட்டுக்கு மாறிய நெட்வொர்க் டிரைவரில் பிழை தேடும் முறை

எங்கள் அப்பா திருப்பாதிரிப்புலியூரில் எஸ்டிடி பூத் வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் இரவு எட்டு மணி வரை நான்தான் கல்லாவில். கடலூர் எண்கள் ஆறு இலக்கம். ஊருக்குள் பேச அந்த ஆறே போதும். வெளியூரிலிருந்து கூப்பிட்டால் முன்னால் 04142 வேண்டும். விழுப்புரத்து எண்களும் ஆறு இலக்கம்தான், கோடு மட்டும் 04146. அங்கே நின்றுகொண்டு கடலூர் எண்ணைக் கோடு இல்லாமல் சுழற்றினால், அதே ஆறு இலக்கம் கொண்ட யாரோ ஒருவர் வீட்டில் மணி அடிக்கும். நினைவகத்தில் ஓர் இடத்தின் முகவரியை வைத்திருக்கும் பாயிண்டரின் அளவுப் பிழை என்றால் என்ன என்று கேட்டு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

இப்போது எனக்கு வேலை புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில். ஆலை இயந்திரங்களின் வெப்பநிலை, அழுத்தம் எல்லாவற்றையும் படித்து அனுப்பும் பெட்டிகள் செய்கிறோம். ஈதர்நெட் பகுதி எஃப்பிஜிஏ-வில் (உள்சுற்றை நாமே வடிவமைக்கும் சிப்) நாங்களே எழுதியது, அதற்கான லினக்ஸ் டிரைவரும் எங்களுடையதே. பல வருடம் 2 ஜிபி ரேம் உள்ள 32 பிட் ஏஆர்எம் போர்டில் அது குறையில்லாமல் ஓடியது. 8 ஜிபி உள்ள 64 பிட் போர்டுக்கு மாற்றிய அன்றே விழுந்தது.

32 பிட் லினக்ஸில் இன்ட், லாங் (சி மொழியின் முழு எண் வகைகள்), பாயிண்டர் மூன்றும் 4 பைட். 64 பிட்டில் இன்ட் 4 பைட்டாகவே நிற்கும், லாங்கும் பாயிண்டரும் 8 ஆகிவிடும். பாயிண்டரை இன்ட்டிலோ யு32-விலோ (32 பிட் முழு எண்) வைத்த இடமெல்லாம் மேல் பாதி, அதாவது அதன் எஸ்டிடி கோடு, உதிர்ந்துபோகும். (லினக்ஸின் மையமான கர்னலில் அன்சைண்டு லாங் எப்போதும் பாயிண்டர் அளவு. 64 பிட் விண்டோஸில் லாங் 4 பைட்தான், அந்தப் பழக்கத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள்.)

முதலில் சீரியல் கேபிளை மாட்டி, மினிகாம் என்ற சீரியல் புரோகிராமில் கர்னல் ஊப்ஸ் (கர்னல் விழும்போது அச்சிடும் பிழைச் செய்தி) முழுவதையும் கோப்பில் சேமியுங்கள். செல்போனில் திரையைப் படம் பிடித்து அனுப்பாதீர்கள், முக்கியமான வரி எப்போதும் மேலே ஓடிப்போயிருக்கும். அதில் கர்னல் எந்த முகவரியைத் தொடப்போய் விழுந்தது என்று பாருங்கள். 64 பிட் ஏஆர்எம் கர்னலின் முகவரி, ஹெக்ஸில் (16 அடிமான எண்ணில்), நான்கு எஃப்-இல் தொடங்கும். உதாரணமாக, எஃப்எஃப்எஃப்எஃப் 0000 1234 5678. ஊப்ஸில் 0000 0000 1234 5678 என்று இருந்தால் மேல் பாதி போய்விட்டது என்று உடனே சொல்லிவிடலாம். எட்டு எஃப் வரிசையாக நின்று, பின்னால் 9234 5678 போல வந்தாலும் அதே நோய்தான். குறியுள்ள இன்ட் வழியாகப் போயிருக்கிறது, மேல் பிட் 1 ஆக இருந்ததால் திரும்பி விரியும்போது எஃப்-ஆல் நிரம்பியிருக்கிறது. இந்த இரண்டு உருவத்தையும் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டால் பாதி நாள் மிச்சம்.

சந்தேகப்படும் இடங்களில் பாயிண்டரை அச்சிட்டுப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கர்னல் 4.15 முதல் அச்சிடும் வரியில் சதவீதக் குறியோடு பி மட்டும் போட்டால் உண்மை முகவரி வராது, ஹாஷ் செய்து உருமாற்றிய வேறு எண் வரும். பிஎக்ஸ் போடுங்கள், வேலை முடிந்ததும் மறக்காமல் நீக்குங்கள். டிஎம்ஏ முகவரிக்கு (ப்ராசஸர் இடையில் வராமல் ஹார்டுவேரே நினைவைத் தொடும் முகவரி) பிஏடி, அதற்கு மாறியின் மதிப்பைக் கொடுக்காமல் மாறியின் முகவரியைக் கொடுக்க வேண்டும்.

அடுத்து ஜிசிசி கம்பைலரின் எச்சரிக்கைகள். பாயிண்டரை வேறு அளவுள்ள முழு எண்ணாகக் காஸ்ட் (வகை மாற்றம்) செய்கிறாய் என்று அது நேராகவே சொல்லும். எனக்கு அதைவிட முக்கியம், எச்சரிக்கை வராத இடம். யாராவது முதலில் அன்சைண்டு லாங் ஆக்கி, அதன் மேல் யு32 காஸ்ட் போட்டிருந்தால் கம்பைலர் வாய் திறக்காது. அடுத்தடுத்து இரண்டு காஸ்ட் இருக்கும் வரிகளையெல்லாம் கிரெப் போட்டுத் தேடி, ஒவ்வொன்றிடமும் ஏன் இங்கே இருக்கிறாய் என்று கேளுங்கள். எங்கள் டிரைவரில் இப்படி ஆறு வரிகள் இருந்தன, நான்கு தவறு.

அதில் ஒன்றைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் டிரைவர் ஹார்டுவேருக்கு எழுதிவைக்கும் குறிப்பான டிஸ்கிரிப்டர் எங்களிடம் 16 பைட்: நிலை, நீளம், பஃபர் முகவரி, குக்கீ (டிரைவர் தன் அடையாளத்துக்கு வைப்பது) என்று நான்கு பைட் கொண்ட நான்கு சொல். அனுப்பும் பாக்கெட்டின் எஸ்கேபி (கர்னல் பாக்கெட்டை வைத்திருக்கும் அமைப்பு) பாயிண்டரை அந்தக் குக்கீயில் போட்டுவிட்டு, ஹார்டுவேர் அனுப்பி முடித்ததும் அதையே எடுத்து விடுவிப்பது பழைய வழி. 4 பைட் குக்கீயில் 8 பைட் பாயிண்டர் எப்படி அடங்கும்? முன்பு ஒருவர் இதற்கு ஒரு வைத்தியம் செய்திருந்தார். முதல் எஸ்கேபி-யின் மேல் பாதியை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, பிறகு வரும் எல்லாக் குக்கீயோடும் அதையே ஒட்டிவிடுவது. பேசுகிற எல்லோரும் கடலூர்க்காரர் என்று எண்ணி எந்த எண்ணுக்கும் 04142 சேர்ப்பது போல.

எங்கள் லேபில் அது ஒரு வாரம் ஓடியது. பெட்டியைக் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஒரு ஐஸ் பிளாண்டில் மாட்டினோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகு கடலுக்குப் போகாததால் அப்போது கம்ப்ரசருக்கும் வேலை குறைவு. அந்த இடைவெளியில் மாட்டினால் நிதானமாகச் சோதிக்கலாம் என்று நினைத்தோம். ஒன்பதாவது நாள் ஆபரேட்டர் அண்ணனிடமிருந்து போன். "மேடம், பெட்டி மறுபடியும் செத்துப் போச்சு. ஆஃப் பண்ணிப் போட்டா ஓடுது." அடுத்த முறை ஏழு நாள். தடைக்காலம் முடிய இருபது நாள்கூட இல்லை. படகுகள் கிளம்பிவிட்டால் ஐஸ் பார் ஒரு நாள் நின்றாலும் மீன் கெடும், அது விளையாட்டில்லை.

ஊப்ஸில் முகவரியின் மேல் பாதி எஃப்எஃப்எஃப்எஃப் 0001. பார்வைக்கு நல்ல முகவரி. பூஜ்யமும் இல்லை, எட்டு எஃப்-உம் இல்லை. அதனால்தான் இரண்டு நாள் வேறு எங்கெங்கோ தேடினேன். காரணம் இது: எங்கள் போர்டில் ரேம் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. முதல் 4 ஜிபி-யில் இருக்கும் எஸ்கேபி-க்கு மேல் பாதி எஃப்எஃப்எஃப்எஃப் 0000, அடுத்த 4 ஜிபி-யில் இருந்தால் எஃப்எஃப்எஃப்எஃப் 0001. கர்னல் மேல் பகுதியிலிருந்துதான் முதலில் எடுத்துக்கொடுக்கும், ஆகவே தொடக்கத்தில் எல்லாமே 0001. பெட்டி நாள்தோறும் வெப்பநிலைப் பதிவுகளை எழுத எழுத, பேஜ் கேஷ் (கோப்புகளின் நகலை ரேமில் வைத்திருக்கும் இடம்) மேல் பகுதியை நிரப்பும். ஒருநாள் ஒரு எஸ்கேபி கீழ்ப் பகுதியில் பிறக்கும். ஒட்டிய கோடு தவறு, மணி வேறு வீட்டில் அடிக்கும்.

உறுதி செய்ய எளிய வழி உண்டு. பூட் வரியில் மெம் அளவை 4ஜி என்று கட்டுப்படுத்தி ஓட்டுங்கள். இப்போது எல்லா எஸ்கேபி-யும் ஒரே ஊர், பிழை வராது. பிறகு 8 ஜிபி-யையும் திறந்துவிட்டு, டிஸ்கில் உள்ள பெரிய கோப்புகளைப் படித்துப் படித்து பேஜ் கேஷை நிரப்பிக்கொண்டே, நெட்வொர்க்கில் பாக்கெட்டுகளை அள்ளி அனுப்பும் ஐபெர்ஃப் ஓட்டுங்கள். ஒன்பது நாள் காத்திருந்த பிழை எனக்கு இருபது நிமிடத்தில் வந்தது. கேசன் (நினைவுப் பிழை பிடிக்கும் கர்னல் வசதி) போட்ட கர்னலாக இருந்தால் தவறான முகவரியைத் தொட்ட வரியையே காட்டிக்கொடுக்கும்.

சரியான தீர்வு, பாயிண்டரை டிஸ்கிரிப்டருக்குள் வைக்காமலிருப்பது. டிரைவரின் சொந்த நினைவில் எஸ்கேபி பாயிண்டர்களுக்கு ஒரு வரிசை வையுங்கள். டிஸ்கிரிப்டர்கள் சுழன்று வரும் எங்கள் ரிங்கில் 256 இடம், ஆகவே வரிசையிலும் 256. குக்கீயில் போவது 0 முதல் 255 வரையிலான எண் மட்டும். திரும்பி வந்த எண் 255-க்கு மேல் இருந்தால் அதை நம்பாமல் பிழை என்று பதிந்துவிடுங்கள். பாயிண்டரை எடுத்ததும் அந்த இடத்தை வெற்றாக்குங்கள், அப்போது ஒரே பாக்கெட்டை இருமுறை விடுவிக்கும் பிழையும் பிடிபடும். டிஸ்கிரிப்டர் 16 பைட்தானா என்பதை பில்ட்_பக்_ஆன் வைத்துக் கம்பைல் ஆகும்போதே சரிபார்க்க வையுங்கள்.

டிஎம்ஏ முகவரி வேறு, பாயிண்டர் வேறு. ஹார்டுவேர் பார்க்கும் முகவரி 32 பிட் என்றால், அதைக் கர்னலுக்குச் சொல்லும் டிஎம்ஏ மாஸ்க்கும் 32 ஆக இருக்க வேண்டும். வேறொரு டிரைவரிலிருந்து 64 பிட் மாஸ்க் வரியை நகலெடுத்து வைத்தால் என்ன ஆகும்? 4 ஜிபி-க்கு மேலுள்ள பஃபர் முகவரியின் மேல் பாதி டிஸ்கிரிப்டரில் ஏறாது, வந்த பாக்கெட்டை ஹார்டுவேர் வேறு யாருடைய நினைவிலோ எழுதிவிடும். லிங்க் விளக்கு மினுக்கும், ஹார்டுவேர் கணக்கு ஏறும், நல்ல பாக்கெட் மட்டும் வராது. கொஞ்ச நேரத்தில் சம்பந்தமில்லாத புரோகிராம்கள் சாகும். ஹார்டுவேர் எழுதுவதைக் கேசன் பார்க்காது. டிஎம்ஏ ஏபிஐ டீபக் வசதியை இயக்கினால், டிஸ்கிரிப்டரிலிருந்து வெட்டுப்பட்ட முகவரியை எடுத்து அன்மேப் செய்யும்போது, ஒதுக்காத நினைவை விடுவிக்கிறாய் என்று அது கத்தும். ஐஓஎம்எம்யு (ஹார்டுவேர் தொடும் முகவரிகளுக்குக் காவல் நிற்கும் பகுதி) உள்ள போர்டில் அத்துமீறிய எழுத்து லாகில் ஃபால்ட்டாக வரும்.

ஒன்றின் பைட் அளவைச் சொல்லும் சைஸ்ஆஃப், அதில் வரும் பிழை சின்னது, ஆனால் பழைய டிரைவர்களில் தவறாமல் இருக்கும். மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) ஃபங்ஷனுக்கு வாதமாகப் பெற்று, அதன் சைஸ்ஆஃப் அளவுக்கு மெம்காப்பி செய்தால், கிடைப்பது பாயிண்டரின் அளவு. மேக் 6 பைட். 32 பிட்டில் 4 மட்டும் நகலாகும், கடைசி இரண்டு பைட் எல்லாப் பெட்டியிலும் ஒன்றாகிவிடும். 64 பிட்டில் 8 நகலாகி, பக்கத்து இரண்டு பைட் அழியும். கர்னல் 5.17 முதல் மேக் முகவரி இருக்கும் டெவ்_ஆடர் நேரடியாக எழுத முடியாதபடி கான்ஸ்ட் ஆகிவிட்டது. ஈத்_ஹெச்டபிள்யு_ஆடர்_செட் பயன்படுத்துங்கள், அது 6 பைட்தான் எடுக்கும்.

இன்னொன்று எஸ்கேபி-யின் டெயில், எண்ட். 64 பிட்டில் அவை பாயிண்டர் இல்லை, ஹெட்டிலிருந்து எண்ணும் ஆஃப்செட். நேரடியாகத் தொட்ட பழைய வரிகளை, டெயிலுக்கு எஸ்கேபி_டெயில்_பாயிண்டர், எண்டுக்கு எஸ்கேபி_எண்ட்_பாயிண்டர் என்று மாற்றிவிடுங்கள்.

எல்லாம் மாற்றிய பிறகு, மெம் கட்டுப்பாடு இல்லாமல், பேஜ் கேஷை நிரப்பியபடி மூன்று இரவு ஐபெர்ஃப் ஓட விட்டேன். இன்டர்ஃபேஸை நிமிடத்துக்கு ஒருமுறை இறக்கி ஏற்றவும் ஒரு ஸ்கிரிப்ட். ரிங்கை மூடும்போது வரிசையில் மிச்சமிருக்கும் எஸ்கேபி-களை விடுவிக்க மறந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. அதையும் சேர்த்து ஜூன் 11 அன்று காலை பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முதுநகர் போனேன்.